குருணையின் பூர்வீகம்

பூனையின் கழிவுத் தட்டுக்கு வாங்கிய களிமண் குருணையில் இரண்டு கை அள்ளி, தண்ணீர் தேங்காமல் இருக்கக் கள்ளிச்செடித் தொட்டியில் கலந்திருந்தார்கள்.

"கண்டவங்க நடுவுல நான் வேர் விடுறதில்லை. நீங்க எந்தப் பக்கம்?" என்று கள்ளி விசாரித்தது.

"எரிமலைப் பக்கம்," என்றது ஒரு குருணை. "பரம்பரையா நாங்க செடிகளோடதான்."

"பார்த்தாலே தெரியுதுங்க. முன்னே இருந்த மணலுக்கு இந்தக் கௌரவம் கிடையாது."

அப்போது பூனை வந்து தொட்டியை முகர்ந்தது.

"அடடே, இங்கேயா இருக்கீங்க? தட்டுல உங்க அண்ணன் தம்பிங்க தேடுறாங்க!" என்று சொல்லி, தொட்டிக்குள் ஏறித் திரும்பி நின்று வாலைத் தூக்கியது.

"ஐயா, உங்க முள்ளைக் கொஞ்சம் நீட்டுங்க!" என்று குருணை பதறியது.

கள்ளி முள்ளை மடக்கிக்கொண்டது.

"சொந்தக்காரங்க வந்திருக்காங்க. நடுவுல நான் எதுக்கு?"