கசங்காமல் வந்தவள்

மகளுக்குப் பரீட்சை. அதனால் ஐரோப்பாவுக்கு நானும் கணவரும் மட்டுமே கிளம்பினோம். அவள் தன்னைப் போலவே, சிவப்புக் கவுன் போட்ட ஒரு காகிதப் பொம்மையை வெட்டிக் கொடுத்தாள்.

"என்னைத்தான் விட்டுட்டுப் போறீங்க. இவளுக்காச்சும் எல்லாத்தையும் சுத்திக் காட்டுங்கம்மா."

கோபுரத்தடியில் ஒன்று, அரண்மனை வாசலில் ஒன்று என்று பொம்மையைக் கையில் பிடித்துப் படமெடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் பாலத்தில் மழை பிடித்துக்கொண்டது. பொம்மையின் கால் நனைந்துவிட்டது. மகளுக்குத் துணையாக வீட்டில் இருந்த நாத்தனார் சாயங்காலம் ஃபோன் செய்தாள்.

"அண்ணி, இங்க ஒரே வெயில். இவ வெளியவே போகல. சாக்ஸ் மட்டும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு."

என் கணவர், டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையையே பத்து வருஷமாகக் கழற்றாத மனுஷன். மறுநாள் முதல் வேலையாகப் பொம்மையை லேமினேட் செய்துகொண்டு வந்தார்.

"இனி நூறு வருஷத்துக்குக் கவலையில்ல."

அன்று ஃபோனில் மகளின் குரல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருவதுபோல் கேட்டது.

"அம்மா, ஒரே புழுக்கமா இருக்கு."

நகத்தால் பிளாஸ்டிக்கின் ஓரத்தைக் கீறிப் பார்த்தேன். நன்றாகத்தான் ஒட்டியிருந்தார்கள்.

ஊர் திரும்பியபோது மகள் ஹாலில் நின்றிருந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். கை வழுக்கியது.

"ஒரு கசங்கல் இல்லாம கொண்டு வந்துட்டேன், பாத்தியா!" என்று அவர் பொம்மையை அவளிடம் நீட்டினார்.

அவள் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. மூக்குக்கு ஒரு விரல் தூரத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில், அவள் மூச்சு பட்டு ஆவி படிந்தது.