உள்வரிசை விளக்கு

அவரைக் கடைசியாகப் பார்த்தபோது, மேஜை மேல் நாற்காலி போட்டு அதன் மேல் ஏறி நின்றிருந்தார். கையில் பழுப்புக் காகிதமும் டேப்பும். கீழே நாற்காலிக் காலை இறுகப் பிடித்திருந்தவள் என் மனைவி.

"சார், மறுபடியுமா?" என்றேன்.

"வாப்பா" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். "உன் சென்சாருக்கு வெயில் ஆகல. பாவம், கண்ணு கூசுது. கொஞ்சம் நிழல் கட்டி விடுறேன்."

அறையில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"நீ எதுக்குப் பிடிச்சிட்டு நிக்கிற?" என்று மனைவியைக் கேட்டேன்.

"விழுந்து தொலைச்சா யாரு பதில் சொல்றது?" என்றாள். பிடித்த பிடியை விடவில்லை.

அது சட்டைக் கம்பெனியின் செக்கிங் அறை. தைத்து வரும் சட்டைகளில் நூல் பிரிந்திருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்து அனுப்பும் இடம். அங்கே கையைவிடக் கண்ணுக்குத்தான் வேலை. ஜன்னலோரம் ஒரு வரிசை, உள்ளே தள்ளி ஒரு வரிசை. மனைவிக்கு உள்வரிசை. நாற்காலி மேல் நின்றவர் சூப்பர்வைசர். நான் எலக்ட்ரீஷியன்.

பகல் வெளிச்சம் ஏற ஏற எல்.இ.டி. விளக்குகள் தாமாகவே தணியும். வெளியே மேகம் மறைத்தால் தாமாகவே கூடும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நான், அந்த ஏற்பாட்டைப் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டு பொருத்தியிருந்தேன். வெளிச்சத்தை அளக்க இரண்டு வரிசைக்கும் சேர்த்து ஒரே சென்சார், ஜன்னலுக்கு நேர் மேலே.

"சிக்கனம்னா இவன்கிட்ட கத்துக்கணும்" என்றார் மேனேஜர். அறிவிப்புப் பலகையில் என் படத்தை ஒட்டினார்கள்.

சென்சாரை மூடிவிட்டால் அதற்கு உலகமே இருட்டு. எல்லா விளக்கும் முழுசாக எரியும். சூப்பர்வைசர் அதை மூடியது அது மூன்றாவது தடவை. 'மேகம்' என்று அவருக்குப் பட்டப்பெயரே விழுந்துவிட்டது.

அன்று எனக்குப் பொறுக்கவில்லை. அவர் இறங்கி அந்தப் பக்கம் போனதும் காகிதத்தைப் பிய்த்தேன். அதை எடுத்துக்கொண்டு நேராக மேனேஜரிடம் போனேன்.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் மூடினீங்கன்னு கேட்டேன்பா. 'எனக்குக் கண்ணு மங்குது, வெளிச்சம் பத்தல'ங்கிறாரு. கண்ணு மங்கினவரை அந்த ரூம்ல எப்படி வெச்சுக்கிறது? நேத்தோட அனுப்பிட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மனைவியிடம் சொன்னேன். "பாத்தியா கூத்தை! கண்ணு தெரியாதவருதான் இத்தனை வருஷமா உங்களுக்கு சூப்பர்வைசர்!"

அவள் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "ஆறிடும், சாப்பிடுங்க."

எட்டு மாதம் கழித்து அவர் இறந்துபோனார் என்று செய்தி வந்தது. வேலை போனதிலிருந்து வீட்டை விட்டே வெளியே வரவில்லையாம்.

"என்னங்க, ஒரு எட்டு வந்து தலையைக் காட்டிட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி.

"எனக்கு ஜெனரேட்டர் வேலை கிடக்கு. நீ போயிட்டு வா."

தனியாகப் போய் வந்தாள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. தலைவலி என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வருஷம் காய்ச்சலில் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

அவளுடைய சாமான்களை எடுக்க அந்த அறைக்குப் போனேன். டிராயரில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. என்னிடம் சொல்லாமல் வாங்கியது. மேஜை மேல் யாரோ கருநீலச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தார்கள். மணி பதினொன்று. அவள் நாற்காலியில் அன்றுதான் முதல் தடவையாக உட்கார்ந்தேன்.

ஜன்னலில் வெயில் ஏறியது. அந்த வரிசை பளீரென்று இருந்தது. என் தலைக்கு மேலிருந்த விளக்கும் கூடவே தணிந்தது. ஆனால் வெயில் எங்கள் வரிசை வரைக்கும் வரவில்லை. சட்டை தெரிந்தது. அதில் தையல் தெரியவில்லை.

விளக்கைப் பொருத்திய அன்று நான் சோதித்துப் பார்த்தது ஜன்னலோர மேஜைகளை மட்டும்.

"தினமும் இப்படித்தானா?" என்று பக்கத்து நாற்காலிப் பெண்ணைக் கேட்டேன்.

"வெயில் அடிக்கிற அன்னிக்கெல்லாம் இப்படித்தாண்ணே. எங்களுக்குச் சின்ன வயசுக் கண்ணு, குனிஞ்சு சமாளிச்சுட்டோம். அக்கா ரெண்டு தடவை ஓட்டையைக் கவனிக்காம விட்டுட்டாங்க. மூணாவது தடவைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதனாலதான் சார் அதை மூட ஆரம்பிச்சாரு. அவரு போனப்புறம் கறுப்பு, நீலச் சட்டையெல்லாம் நான் வாங்கிக்கிட்டேன். வெள்ளைய அக்காகிட்ட தள்ளிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"சாரும் அதைத்தான் சொன்னாரு. அக்காதான் கேக்கல. 'மனுஷன் இப்பத்தான் நாலு பேரு முன்னாடி நிமிந்து நடக்கிறாரு, அதைக் கெடுக்காதீங்க'ன்னு அழுதாங்க."

எனக்கு ஏதாவது ஒரு பிடி வேண்டியிருந்தது.

"அவருக்கும் கண்ணு மங்கித்தானே..."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"யாருக்கு, மேகத்துக்கா? இந்த மங்கல் வெளிச்சத்துலயும் எங்க எல்லாருக்கும் ஊசியில நூல் கோத்துக் குடுத்ததே அவருதாண்ணே. கண்ணாடிகூடப் போட மாட்டாரு."

மறுநாள் உள்வரிசையைப் பிரித்து, தனியாக ஒரு சென்சார் பொருத்தினேன். அரை நாள் வேலைதான்.

ஜன்னலுக்கு மேலே இருக்கிற பழைய சென்சாரைச் சுற்றி, டேப்பின் பசை இன்னும் இருக்கிறது.