ஓட்டின் மேல் மாடத்தி

வெந்து ஆறிய வளைவோடுகளில் ஒன்றை எடுத்து, இரண்டு செங்கல் மேல் கவிழ்த்து வைப்பார்கள். மாடத்தி அதன் முதுகில் ஏறி நிற்பாள். உடையாவிட்டால் அந்தச் சூளை மொத்தமும் வண்டி ஏறிவிடும். கனத்த உடம்புக்காரி என்றுதான் அவளை அந்த வேலைக்கே வைத்தார்கள். புருஷன் செத்தபிறகு, ஒருத்திக்கு எதற்கு உலை என்று அடுப்பு மூட்டுவதையே அவள் குறைத்துவிட்டாள்.

ஓடு வாங்கியவர் இன்று சண்டைக்கு வந்துவிட்டார். "கூரை வேயுறவன் கால் வச்சதுமே நொறுங்குதேய்யா!"

மேஸ்திரி மிச்சமிருந்ததில் ஒன்றை எடுத்து வைத்தார். "ஏறு மாடத்தி."

தொளதொளத்த ரவிக்கையைத் தோளுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினாள். உடையவில்லை.

"நல்லா அமுக்கி நில்லு."

அப்போதும் உடையவில்லை. இருவரும் குனிந்து ஓட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். ஒருவராவது நிமிர்ந்து பார்ப்பார் என்று மாடத்தி இறங்காமலே நின்றாள்.