முன்னால் மட்டும் எரியும் விளக்கு

"பின்னால எரியவே கூடாது. முன்னால எரிஞ்சா போதும்."

பெரியவர் இப்படிச் சொன்னதும் மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

"ஐயா, நீங்க எந்தப் பக்கம் திரும்பப் போறீங்கன்னு பின்னால வர்றவனுக்குத்தானே தெரியணும்? அவன்தானே வந்து இடிப்பான்?"

"அதுக்குத்தான் வண்டியோட வந்த இண்டிகேட்டர் இருக்கே. அது பாட்டுக்கு அது இருக்கட்டும். இது வேற. ஹெட்லைட்டுக்குள்ள வலது பக்கம் ஒரு மஞ்சள் எல்.ஈ.டி. பட்டை, இடது பக்கம் ஒண்ணு. தனித்தனி சுவிட்ச். நாளைக்குக் காலையில மருமக புது வேலைக்குப் போறா. இன்னைக்கே முடியணும்."

மருமகள் வேலைக்குப் போனால் மாமனார் வண்டிக்கு எதற்கு ஜிகினா? மெக்கானிக்குக்குப் புரியவில்லை.

போன் வந்து பெரியவர் வெளியே நகர்ந்ததும் பக்கத்து பேட்டரிக் கடைக்காரர் தலையை நீட்டினார்.

"இவர்தான்ப்பா அவரு. எங்க தெருவுக்குப் புதுசா குடி வந்தவரு."

"எவரு?"

"மருமக ஸ்கூட்டரை எடுத்தா போதும், இவரும் பைக்கைக் கிளப்பிடுவாரு. மருந்துக் கடைக்குப் போனாலும் பின்னாலயே. வால் மாதிரி ஒட்டிக்கிட்டே போறாரு."

"வேவு பாக்கறாரா?"

"பின்ன? பையனுக்கு வெளியூர்ல வேலை. இங்க இவர் வச்சதுதான் சட்டம். என் வீட்டுக்காரி எத்தனையோ தடவை அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுப் பாத்துட்டா. திரும்பிக்கூடப் பாக்கலையாம். அவ்வளவு பயம் காட்டி வச்சிருக்காரு மனுஷன்."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. அவனும் தங்கை ஒருத்தியைக் கட்டிக்கொடுத்திருந்தான். பிறந்த வீட்டுக்கு வருவதென்றாலும், மாமனார் முகம் கோணாத நாளாகப் பார்த்துத்தான் வருவாள் அவள்.

பெரியவர் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மெக்கானிக் ஹெட்லைட்டைக் கழற்றி, விளிம்பில் சூடு காட்டிப் பசையை இளக்கினான். கை வேலையில் இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"புது வேலைக்கும் பின்னாலயே போவீங்களா?"

"போகாம?"

"அந்தப் பொண்ணு ஒரு நாளாவது தனியா போய்ட்டு வரக் கூடாதாய்யா?"

பெரியவருக்குக் கோபம் வரவில்லை. "போகணும்ப்பா. எனக்கும் அதுதான் ஆசை. கொஞ்சம் பழகட்டும்."

பேச்சைப் பாரு, என்று நினைத்துக்கொண்டான். விடவும் மனசில்லை.

"அது ஏன் யார்கிட்டயும் பேசறதில்லையாம்?"

"அவளைப் பத்தி அவதான் சொல்லணும். நான் சொல்றது நல்லா இருக்காது."

பேட்டரிக் கடைக்காரர் அங்கிருந்தே கண்ணைக் காட்டினார். நான் சொன்னேனில்ல?

இந்த வேலையைச் செய்யாமல் திருப்பி அனுப்பினால்தான் என்ன என்றுகூட மெக்கானிக்குக்குத் தோன்றியது. ஆனால் ஹெட்லைட் பாதி பிரிந்து கிடந்தது. பட்டைகளை ஒட்டி, ஒயர்களை இழுத்து, மழைத் தண்ணீர் இறங்காதபடி விளிம்பைச் சுற்றிப் பசை வைத்து மூடினான்.

"போட்டுப் பாருங்க."

பெரியவர் வண்டி மேல் ஏறவில்லை. கடையில் கிடந்த பழைய சைடு மிரர் ஒன்றை எடுத்துக்கொண்டார். வண்டிக்கு முதுகைக் காட்டியபடி தெருவில் கொஞ்ச தூரம் நடந்து போய், மிரரை முகத்துக்கு நேரே பிடித்தார்.

"வலது போடுப்பா... இப்ப இடது... வெயில்ல மங்கலா தெரியுதே. இன்னும் தூக்கலா வேணும்."

"பொண்ணு பாக்க வர்றாங்களோ உங்க வண்டியை?" என்றார் பேட்டரிக் கடைக்காரர்.

பெரியவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் பட்டையை மாற்ற வைத்து, மிரரில் பளிச்சென்று தெரியும்வரை அவர் விடவில்லை.

மறுநாள் காலை மெக்கானிக் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது தெருக்கோடியில் அந்த ஸ்கூட்டர் வந்தது. ஓட்டி வந்தது சின்னப் பெண். பின்னாலேயே பெரியவரின் பைக்.

"வந்துட்டாரு பாரு, காவல்காரர்," என்றார் பேட்டரிக் கடைக்காரர்.

அவர்களுக்கும் பின்னால் ஒரு பஸ். ஹாரன் அடித்துக்கொண்டே வலது பக்கம் ஏறி வந்தது. அடித்த அடியில் தெருவே காதைப் பொத்தியது. அந்தப் பெண்ணோ வீட்டுக் கூடத்தில் நடப்பவள் போல நடுத்தெருவிலேயே வந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, பஸ்ஸு," என்று மெக்கானிக் கத்தினான். அவள் திரும்பவில்லை.

பெரியவரின் கட்டைவிரல் அசைந்தது. ஹெட்லைட்டுக்குள் வலது பக்கம் மஞ்சள் வெளிச்சம் துடித்தது.

அவள் கண் தன் ஸ்கூட்டரின் மிரரைத் தொட்டுத் திரும்பியது. துளிப் பதற்றமில்லை. இடது பக்கம் ஒதுங்கி வழிவிட்டாள். பஸ் உரசாமல் கடந்து போனது.

உடனே இடது விளக்கு துடித்தது. சந்திலிருந்து ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு மூக்கை நீட்டியது. அவள் அதற்குள் வேகத்தைக் குறைத்திருந்தாள். நூல் பிடித்து யாரோ ஆட்டுவிப்பது போல இருந்தது.

மெக்கானிக் தூக்கிய ஷட்டரைப் பிடித்தபடியே நின்றுவிட்டான்.

கடை வாசலில் இரண்டு வண்டிகளும் நின்றன. அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, பைக்கின் ஹெட்லைட்டை உள்ளங்கையால் தடவிக் கொடுத்தாள். பிறகு மெக்கானிக்கைப் பார்த்து விரல்களை வேகமாக அசைத்து என்னென்னவோ காட்டினாள். கடைசியில் தன் காதைத் தொட்டுச் சிரித்தாள்.

"என்னய்யா சொல்றாங்க?" என்றான் மெக்கானிக்.

பெரியவர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சொன்னார்:

"நீ மாட்டின காது ரெண்டும் நல்லா கேக்குதாம்."