கலகம் அடங்கிய நெஞ்சு

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் தலைவி மரியபுட்பம் வாய் திறந்தால் உப்பளத்தின் வாயிற்கதவும் நடுங்கும். ஆனால் நாலு வாக்கியம் பேசுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிடுவாள். இரத்தக்குழாயில் படிந்த கொழுப்பை எதிர்க்கப் புறப்பட்ட அவளுடைய காவல் அணுக்களே, கலகம் செய்து குழாயின் சுவரைப் புண்ணாக்கியிருந்தன.

அவள் குருதியிலிருந்தே அமைதிகாக்கும் அணுக்களை எடுத்து, வளர்த்து உட்செலுத்தினால் அந்தக் கலகக்காரர்களின் கொதிப்பு அடங்கும் என்றது மருத்துவமனை. 'கொதிப்பு அடங்கும்' என்ற சொல்லைக் கேட்டதுமே உப்பள மேலாளருக்குக் கருணை பொங்கியது. செலவு முழுவதையும் தாமே ஏற்றார்!

அந்தக் கருணைதான் மரியபுட்பத்தை அச்சுறுத்தியது. "கொதிப்பு போச்சுன்னா நான் எதுக்கு? நிழலுக்கு ஒரு கூரை கேக்க யாரு இருக்கா?"

"ஏட்டி, செத்துட்டா மட்டும் கேப்பியோ?" என்றான் கணவன் ஞானதுரை. மறுநாளே அவள் மருத்துவமனைக்குப் போய்ப் படுத்தாள்.

சிகிச்சை முடிந்து, வாயிற்கூட்டம் கூடியது. மேலாளர் மாலையும் கையுமாக வெட்டவெளியில், முன்வரிசையில் அமர்ந்தார். மரியபுட்பம் அஞ்சி அஞ்சித் தொடங்கினாள். நாலு வாக்கியம் கடந்தது, நெஞ்சு நோகவில்லை. நாழிகைகள் கடந்தன, குரல் தளரவில்லை. உப்பை விளைவிக்கும் கால்கள் வெந்து வெடிக்க, உப்பை விற்கும் கால்களுக்கு மட்டும் குளிர்நிழலா என்று அவள் முழங்கியபோது, வெயில் உச்சியில் நின்றது, மாலை வாடியிருந்தது.

"போதும்மா! நாளைக்கே கூரை போட்டுத் தாரேன், நிறுத்துங்க!" என்று எழுந்தார் மேலாளர்.

மரியபுட்பம் ஆசைதீர மூச்சிழுத்தாள். ஆகா, எவ்வளவு மூச்சு!

"உக்காருங்க சார், இப்பதான் முன்னுரையே முடிஞ்சிருக்கு."