ஒற்றை முகமூடி

பிற்பகல் வெயிலில் முற்றத்துக் கிம்ச்சி ஊறுகாய்ச் சாடிகள் பளபளக்கின்றன. இரும்புக் கேட்டின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள் மியோங்ஹி. நேற்றும் நினைவு தப்பிய அப்பா வெளியே போய்விட, யாரோ அவரைப் பேருந்து நிலையத்திலிருந்து கூட்டி வந்தார்கள். அவரால் குனிய முடியாது. அதனால் கேட்டின் அடியில் ஒரு தாழ்ப்பாளைப் பற்றவைத்துவிட வேண்டும். வெல்டிங் மெஷின் புதிது, கற்றுக்கொண்டது செல்போன் வீடியோவில். வெல்டிங் குச்சியைக் கேட்டில் உரசினால் நீலமாய் ஒரு வெளிச்சம், உடனே இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. திரும்பிப் பார்த்தால், சீமைப்பனிச்சை மரத்தடி நாற்காலியில் அப்பா கண்ணை அகல விரித்து அதையே பார்க்கிறார். "பாக்காதீங்கன்னு எத்தனை தடவப்பா சொல்றது! கண்ணு போயிரும்." "அழகா இருக்கேம்மா." நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கிறாள், அவர் மறுபடி இப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். இருப்பது அவள் போட்டிருக்கும் ஒரே வெல்டிங் முகமூடி. அதைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டு, தன் கண்களை இறுக மூடிக்கொண்டு உரசுகிறாள். சடசடவென்று ஒரு சத்தம், குச்சி பழையபடி ஒட்டிக்கொள்கிறது. பொறி பறக்காதபோது அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள் இந்த வெயிலும் நள்ளிரவுதான். பின்னால் நாற்காலி கிறீச்சிடுகிறது. "ரொம்ப இருட்டிருச்சும்மா, நான் கெளம்பறேன். வீட்டுல எம்பொண்ணு தனியா இருப்பா." முகமூடியோடு, காற்றைத் தடவியபடி கேட்டை நோக்கி வருகிறார். "அப்பா, நில்லுங்க, நான்தாம்ப்பா!" மியோங்ஹி பதறி எழுந்து, ஒட்டிய குச்சியை இரண்டு கையாலும் தன்பக்கம் இழுக்கிறாள். குச்சி வரவில்லை. கேட்தான் திறக்கிறது.