கன்னத்து மண்

பதுளையில், ஜன்னல்களை மூடிய ஆய்வறைக்குள் புற ஊதா விளக்கு எரிகிறது. பத்து வருடங்களுக்கு முன் மண்சரிவிலிருந்து தோண்டியெடுத்த பலகையில் வரைந்த மீனாம்பாளின் முகம் மங்கலாக ஒளிர்கிறது. ஒரு கன்னம் மட்டும் இருண்டு கிடக்கிறது. ஓவியங்களைச் சோதிக்கும் மேனுஷா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசுகிறாள். “சேலைப் பச்சை, கதவுக்கு அடிக்கிற பெயிண்டுங்க ஐயா.” “ஆமாங்க. தோட்டத்துல நாங்க இருந்த லயத்துக் கதவுக்கு அடிச்சதுல மிச்சம். நாந்தான் வரைஞ்சேன்,” என்கிறார் மீனாம்பாளின் கணவர் ஜெயராசா. கம்பளித் தொப்பியை இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டிருக்கிறார். கன்னத்துப் படலத்தில் பாதியைச் சுரண்டிக் கண்ணாடித் தட்டில் சேர்த்திருக்கிறாள் மேனுஷா. “இது பெயிண்ட் இல்லைங்க, மண்ணு. மிச்சத்தையும் எடுத்துரலாம்.” அவர் தட்டையே பார்க்கிறார். “சரிவுல போனவ, ஆளு கெடைக்கவே இல்லைங்க. குழியில மூணு பிடி மண்ணு போடக்கூட எனக்குக் குடுத்து வைக்கல.” தகரக் கூரையில் மழை பிடிக்கிறது. மேனுஷா கையுறையைக் கழற்றுகிறாள். தட்டை அவர் பக்கம் நகர்த்துகிறாள். ஜெயராசா செருப்பை வாசலோரம் விட்டுவிட்டு வருகிறார். ஒரு சிட்டிகை எடுத்து, முகத்தில் விழாமல், பச்சைச் சேலைமேல் போடுகிறார். இன்னொரு சிட்டிகை. மூன்றாவதை எடுத்த விரல்கள் பலகைக்கு மேலே அப்படியே நிற்கின்றன, பிரியவில்லை.